மணப்பாட்டுக்கு வாரியா மக்கா? அப்ப இதையும் கேட்டுட்டு வா

லே பேராண்டி, நீ வாட்ஸ்அப்புல அனுப்புன பயணத் திட்டத்தைப் பாத்தேன். காலையில 9 மணிக்கு மணப்பாடு. 9.40-க்குக் குலசை. 10.15-க்குத் தேரிக்காடு. 11 மணிக்குத் திருச்செந்தூர்ல சாமி தரிசனம். மத்தியானம் தூத்துக்குடியில மக்ரூன். பிரமாதம்! ஒரே ஒரு சின்னக் குறைதான். காரை விட்டு இறங்குறதுக்குன்னு எங்கேயும் நேரம் ஒதுக்கலையே? இறங்காமலே பாக்குறதா இருந்தா சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து செல்போன்லயே பாத்துரலாம். உனக்குப் பெட்ரோல் மிச்சம், உன் ஆச்சிக்கு மீன் ஆயுற வேலை மிச்சம்.

அதுலயும் அந்த 11 மணித் தரிசனத்தை நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். 2025 ஜூலை 7-ந் தேதி கும்பாபிசேகம் நடந்த கோயில்டே அது. அதுக்கு முன்னாலயே கூட்டம் தாங்காது, இப்பக் கேக்கணுமா? சூரனையே காத்துக்கிட்டு நிக்க வச்ச சாமி, உன் 11 மணிக்காக நடையில வந்து நிப்பாருன்னு நெனச்சிட்டியாக்கும்.

சரி, வாரதுன்னு முடிவு பண்ணிட்ட. கூட உன் ஆபீஸ் கூட்டாளிமாரும் வாராவளாம். பொறந்ததுல இருந்து இந்தக் கடக்கரையிலயே கெடக்குறவன், நாலு புத்தி சொல்லுதேன். கேட்டா உனக்கு நல்லது. கேக்காட்டி எங்களுக்கு நல்ல வேடிக்கை.

முதல்ல வந்து சேருத வழி. செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா விடியக்காலம் திருச்செந்தூர்ல கண்ணு முழிக்கலாம். அங்கேருந்து தெக்கே 18 கிலோமீட்டர். தூத்துக்குடியில இருந்து கணக்குப் போட்டா 60 வரும். விமானத்துலதான் வருவேன்னா வாகைக்குளத்துல இறங்கு. 2025 ஜூலையில புதுக் கட்டடம் தொறந்து வச்சிருக்காவ, தரையில மொகம் தெரியுது. மணப்பாடு வரைக்கும் ரோடும் அப்படியே மொகம் தெரியும்னு நம்பி வந்துராதே.

எது எப்படியோ, திருச்செந்தூர்ல இருந்தாவது டவுன் பஸ்ல வா. ஆலந்தலை, கல்லாமொழி, குலசைன்னு கடலை ஒட்டி வரும். மீன் கூடையோட ஒரு அம்மா உன் பக்கத்துல வந்து உக்காரும். ஒடனே கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வைக்காதே. அந்தம்மாகிட்டப் பேச்சுக் குடு. எந்தக் கரையில என்ன பட்டுச்சு, எவன் வீட்டுல கல்யாணம், எந்தப் பாலம் இடிஞ்சு கெடக்குன்னு அத்தனையும் சொல்லும். நீ வாங்கி வச்சிருக்க சுற்றுலாப் புஸ்தகத்துல இதுல பாதி இருக்காது.

இனி ஊரு. மணப்பாட்டுக்குள்ள வரும்போதே கடலோரத்து மணல்மேட்டு உச்சியில திருச்சிலுவைக் கோயில் தெரியும். அதைப் பாக்குறதுக்கு நல்ல நேரம் எதுன்னு கேட்டிருந்த. உன்னை மாதிரி ஆளுக்கு மத்தியானம் 12 மணிதான் தோது. சித்திரை மாசமா இருந்தா இன்னும் விசேசம். கறுப்பு பனியன் போட்டுக்கோ. ஷூவைக் கழத்தாதே, மணல்ல அப்படியே நட. கால்கிலோ மணலைக் காசில்லாம சென்னைக்குக் கொண்டு போயிரலாம். தண்ணி பாட்டிலைக் கார்லயே வச்சிட்டு ஏறு. மேல போய் மயங்கி விழுந்தா எங்க பிள்ளைக தூக்கிட்டு வந்துரும், அதுகளுக்கும் பொழுது போவும். புத்தி உள்ளவன் சூரியன் கெளம்புறதுக்கு முன்னால ஏறுவான், இல்லாட்டி வெயில் சாஞ்ச பெறகு ஏறுவான். உனக்கு எதுக்கு அதெல்லாம்?

மேல நிக்கும்போது கதை தெரியாம நிக்காதே. 1540 வாக்குல ஒரு போர்ச்சுக்கீசுக் கப்பல் புயல்ல மாட்டிக்கிச்சு. பாய்மரம் முறிஞ்சு போச்சு. கரை சேந்தா இந்த ஒடைஞ்ச மரத்துலயே சிலுவை செஞ்சு நட்டு வைக்கேன்னு கப்பல் தலைவன் நேர்ந்துக்கிட்டான். கப்பல் நம்ம கரையில வந்து ஒதுங்குச்சு. அவன் சொன்ன சொல்லு மாறாம மேட்டுல சிலுவையை நட்டான். நம்ம ஆளுன்னா கால் மணல்ல பட்டதும் நேர்ச்சையை மறந்துட்டு, கப்பலுக்கு இன்சூரன்ஸ் உண்டான்னு விசாரிச்சிருப்பான். பெறகு 1581-ல அந்த எடத்துல கோயில் எழும்புச்சு. ஏசுவை அறைஞ்ச சிலுவையோட சிறு துண்டுன்னு நாங்க வணங்குத புனிதப் பொருளும் ரோமாபுரியில இருந்து வந்து சேந்துச்சு. செப்டம்பர் 1-ந் தேதி கொடி ஏறும், 14-ந் தேதி திருவிழா. அன்னைக்கு இந்த மேட்டுல காலை வைக்க எடம் இருக்காது. தூரதேசத்துல இருக்க மணப்பாட்டுக்காரனெல்லாம் அன்னைக்கு ஊர்ல இருப்பான். வட்டிக்கு வாங்கியாவது வந்து நிப்பான்.

மேட்டுக்குக் கீழ, கடலைப் பாத்தாப்புல ஒரு குகை இருக்கு. குனிஞ்சுதான் போவணும். உன் கூட்டாளிகள்ல ஒருத்தன் கண்டிப்பா மண்டையை இடிச்சுக்குவான், அதுக்கு நான் இப்பவே பந்தயம் கட்டுதேன். உள்ள ஒரு கிணறு. கடல் கூப்பிடு தூரத்துல கெடந்தும் அந்தத் தண்ணியைக் குடிக்கலாம். பிரான்சிஸ் சவேரியார் தங்கி செபம் பண்ணுன எடம் அது. அவருக்கு முன்னால ஒரு சைவச் சந்நியாசி அங்க தவம் இருந்தாருன்னு சொல்லுவாவ. அதை எங்காளுக மறைக்கிறதும் இல்லை. சந்நியாசி போனாரு, சவேரியார் வந்தாரு, கிணறு யாரு என்னன்னு கேக்காம ரெண்டு பேருக்கும் தண்ணி குடுத்துச்சு.

சவேரியார் 1542-ல இந்தக் கரைக்கு வந்தாரு. பாரீஸ் பல்கலைக்கழகத்துல படிச்சவரு, பெரிய குடும்பத்துப் பிள்ளை. உன்னை மாதிரி ரெண்டு டிகிரி வாங்கிட்டு, 'நெட்வொர்க் இல்லையே தாத்தா'ன்னு மொட்டை மாடியில சுத்துன ஆளு இல்லை. கையில மணியை எடுத்துக்கிட்டு ஊரு ஊரா நடந்தாரு. மணியை அடிச்சுச் சின்னப் பிள்ளைகளையும் ஆம்பளைகளையும் கூட்டுனாரு. தமிழ் அவருக்கு ஒழுங்கா வராது. ஊர்க்காரங்க ஒத்தாசையோட செபங்களைத் தமிழ்ல எழுதி, நெட்டுருப் போட்டுச் சொல்லிக் குடுத்தாரு. அதனால உனக்கும் தமிழ் தடவுதேன்னு கூச்சப்படாதே. தடவுன தமிழை வச்சிக்கிட்டே ஒருத்தர் இங்க புனிதர் ஆயிருக்காரு. ஆனா அவரு கரையில இறங்குனதும் 'வியூ பாயிண்ட் எங்க இருக்கு'ன்னு கேட்டதா யாரும் எழுதி வைக்கலை.

அவருக்குப் பெறகு வந்த அண்டிரிக் அடிகளார் இன்னும் கெட்டிக்காரரு. புன்னைக்காயல்ல இருந்துக்கிட்டு எங்க சனங்ககிட்டயே தமிழ் படிச்சாரு. 1578-ல கொல்லத்துல அச்சேறுன 'தம்பிரான் வணக்கம்' அவரு போட்ட புஸ்தகம். இந்திய மொழி எழுத்துல இந்த நாட்டுல அச்சான மொதல் புஸ்தகம் அது. சாளை மீன் நாத்தத்துக்கு நடுவுல படிச்ச தமிழ்டே! நீ ஏசி பஸ்ல வரும்போது இதையும் கொஞ்சம் நெனச்சுக்கோ.

மேட்டை விட்டு இறங்குனா தெரு. பரிசுத்த ஆவி கோயில், யாகப்பர் கோயில்னு திரும்புற பக்கமெல்லாம் கோபுரம். சின்ன ஊருக்கு எதுக்கு இத்தனைன்னு கேப்ப. கடலுக்குப் போறவனுக்கு எத்தனை சாமி இருந்தாலும் காணாது. கடல்ல ஒரு நாள் வந்து பாரு, நீயும் நாலு கோயில் கட்டுவ.

வீட்டு வாசப் பலகையை வாசிச்சுக்கிட்டே நட. பெர்னாண்டோ, கோஸ்தா, மிராண்டா, ரொட்ரிகோ, மோத்தா. உன் கூட்டாளி ஒருத்தன் 'அங்கிள், நீங்க எந்த நாட்டுக்காரரு?'ன்னு என்னைக் கேக்காம போவ மாட்டான். நாங்க இந்தக் கடலுக்குச் சொந்தக்காரவுக, முத்துக் குளிச்ச பரதவர் வம்சம். 1530-கள்ல எங்க பாட்டன்மார் ஆயிரக்கணக்குல ஞானஸ்நானம் வாங்குனாவ. அப்ப போர்ச்சுக்கீசுக்காரன் பேரும் கூடவே ஒட்டிக்கிச்சு. பேரு லிஸ்பன், மூஞ்சி மணப்பாடு, நாக்கு சாளைக் குழம்பு. அவனுக்கு இவ்வளவு சொன்னாப் போதும். முத்துக் கெடைக்குமான்னும் கேப்பான். கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதனால மணலைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டே நடக்க வேண்டாம்னு சொல்லு. கெடைச்சா சிப்பி கெடைக்கும், இல்லாட்டி அவனே நேத்துப் போட்ட பிஸ்கட் கவரு கெடைக்கும்.

பெரிய பெரிய மச்சு வீடுகளைப் பாத்து வாயைப் பொளக்காதே. கொழும்பு யாவாரத்துக் காசு அது. ஒரு காலத்துல இந்த ஊரு ஆம்பளைகளுக்கு மதுரையை விடக் கொழும்பு பக்கம். இலங்கையில சட்டதிட்டம் மாறிச்சு, யாவாரம் கையை விட்டுப் போச்சு, வீடு மட்டும் மிஞ்சிச்சு. பல வீட்டுல இன்னைக்குப் பூட்டுதான் குடியிருக்கு. பிள்ளைக சென்னையிலயும் வளைகுடாவுலயும் இருக்கு. பூட்டுன வீட்டு வாசல்ல சாஞ்சு நின்னு போட்டோ எடுக்குறது இப்ப பேசன் ஆயிட்டு. எடுத்துக்கோ. ஆனா அடுத்த வீட்டுத் திண்ணையில ஒரு ஆச்சி உக்காந்திருப்பா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு எடு. கேட்டா, அந்த வீட்டுச் சாவி எவன்கிட்ட இருக்கு, பாகப் பிரிவினை வழக்கு எந்தக் கோர்ட்டுல தூங்குதுன்னு கூடச் சொல்லுவா. கேக்காம எடுத்தா வேற சொல்லுவா. அதை நான் எழுத முடியாது.

சினிமாக்காரவுகளும் வந்து போனாவ. 'நீர்ப்பறவை' (2012), 'கடல்' (2013) ரெண்டுலயும் நம்ம ஊரு தெரியும். படம் பாத்துட்டு வாரவன் எங்கப்பா ஹீரோ நின்ன பாறைன்னு தேடுதான். பாறை அங்கனதான் நிக்குது. ஹீரோ வரதுக்கு முன்னாலயும் நின்னுச்சு, அவன் கேரவன்ல ஏறிப் போன பெறகும் நிக்குது.

கடலுக்கு வா. நீ இங்க பாக்க வேண்டியதுல முக்காவாசி இதுதான், அதை விட்டுப்புட்டு செல்பி எடுக்க மேட்டுக்கு ஓடாதே. காலையில வள்ளம் கரை பிடிக்கும். வலையில இருந்து மீனைக் கழத்தி மணல்லயே கூறு போட்டுக் குமிப்பாவ. தராசு கெடையாது. ஏலக்காரர் நடுவுல நின்னு விலையைச் சத்தமாச் சொல்லத் தொடங்குவாரு. சுத்தி நிக்குறவன் வாயைத் தொறக்க மாட்டான். ஒருத்தன் புருவத்தைத் தூக்குவான், இன்னொருத்தன் துண்டை ஒதறுவான், விலை ஏறிக்கிட்டே போவும். குமியலைக் கண்ணால பாத்தே எத்தனை கிலோன்னு மீன் வாங்க வந்த பொம்பளைகளுக்குத் தெரியும். எங்கேயாவது கடைசி வரிசையில கையைக் கட்டிக்கிட்டு நில்லு. மூஞ்சியில ஈ உக்காந்தாலும் வெரட்டக் கையைத் தூக்காதே. தூக்குனா ஒரு கூறு விளமீன் உன் தலையில விழும், மாசச் சம்பளத்துல பிடிச்சுக்குவாவ.

ஞாயித்துக்கிழமை வந்துட்டு 'ஏன் யாரும் கடலுக்குப் போகலை'ன்னு கேக்காதே. அன்னைக்குப் பூசை. உங்க கம்பெனிக்கு ரெண்டு நாள் லீவு, எங்க கடலுக்கு ஒரு நாள். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைகாலம், 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருவுற காலம் அது. அந்த நேரத்துல வந்து உக்காந்துக்கிட்டுப் பெரிய மீனாக் கொண்டான்னு ஓட்டல்காரனோட மல்லுக்கு நிக்காதே. வள்ளத்துல என்ன பட்டுச்சோ அதைத் தின்னு.

அலைச்சறுக்கு ஆடுறவுகளும் இப்ப பலகையைத் தூக்கிட்டு வாராவ. மேட்டை ஒட்டி அலை வளைஞ்சு வாரது அவுகளுக்கு ரொம்பப் பிடிக்குதாம். சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா நீயும் விழுந்து எந்திரிச்சுப் படி, கடல்தண்ணி வயித்துக்கு நல்லது. ஆனா ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லை, கேட்டுக்கோ. முகத்துவாரத்துப் பக்கம் தன்னந்தனியா நீந்த இறங்காதே. மேல பாத்தா அமைதியாத் தெரியும், அடியில இழுப்பு இருக்கும். கரையில வலை பொத்துறவன்கிட்ட 'அண்ணே, இங்க இறங்கலாமா'ன்னு ஒரு வார்த்தை கேளு. அவன் வேண்டாம்னா வேண்டாம்தான். அவன்கிட்ட கூகுளைக் காட்டி வாதாடாதே.

திரும்பும்போது ஓலைப்பெட்டி வாங்கு. இங்க பொம்பளைகள் கூட்டுறவுச் சங்கமா சேந்து பனை ஓலையில பொருள் முடையிதாவ. ஓலையைக் காய வச்சு, நாரு நாராக் கிழிச்சு, சாயம் ஏத்தி, பெட்டி, கொட்டான், பைன்னு முடையணும். வெரலு காச்சுப் போயிருக்கும். அவுக சொன்ன விலையில பாதிக்குக் கேக்கணும்னு யூடியூப்ல எவனோ உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பான். கேளேன்! அதே பெட்டியைச் சென்னை மால்ல கண்ணாடிக்குள்ள வச்சா மூணு மடங்கு குடுத்து, 'எவ்வளவு சீப்!'னு வாங்குற ஆளுதானே நீ?

இனிச் சுத்துவட்டாரம். பக்கத்துலயே குலசைன்னு நாங்க சொல்லுத குலசேகரன்பட்டினம். நீ ஒதுக்குன முப்பத்தஞ்சு நிமிசத்துல முத்தாரம்மன் கோயில்ல செருப்பைக் கழத்தி மாட்டலாம். நவராத்திரியில வந்து பாரு. மாலை போட்டு விரதம் இருந்தவுக காளி, குறவன், கரடி, கொரங்கு, பிச்சைக்காரன்னு வேசம் கட்டி வீடு வீடா வந்து தர்மம் எடுப்பாவ. அந்தக் காசு அம்மன் உண்டியலுக்குப் போவும். வருசம் பூரா வட்டிக்கு விடுறவன் அந்தப் பத்து நாள் பிச்சை எடுப்பான். அவனுக்கு அது நல்ல பயிற்சி. பத்தாம் நாள் ராத்திரி கடக்கரையில சூரசம்காரம். தசராவுக்கு மைசூருன்னா அரமனை, குலசைன்னா சனம். கார் நிறுத்த எடம் இருக்குமான்னு கேக்காதே, ஆள் நிக்கவே எடம் இருக்காது.

குலசையில இன்னொரு வேசமும் இப்ப ஏறுது. இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம் கட்டுது. 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டுனாவ. சின்ன ராக்கெட்டுக்கு இந்த எடம்தான் தோதாம். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்க நேரா விட்டா இலங்கை குறுக்க நிக்கும். அதைச் சுத்தி வளைஞ்சு போவணும், எரிபொருள் வீணாவும், ஏத்துற பாரம் கொறையும். குலசையில இருந்து தெக்க விட்டா அண்டார்டிகா வரைக்கும் கடலைத் தவிர ஒண்ணுமில்லை. எங்காளுக கொழும்புக்கு நேராப் போனாவ, ராக்கெட் கொழும்பை விட்டு ஒதுங்கிப் போகப் போவுது. காலம் அப்படி!

இதே ஊர்லதான் 1942 செப்டம்பர்ல உப்பளத்துல லோன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி வெட்டுப்பட்டுச் செத்தான். 'வெள்ளையனே வெளியேறு' நேரம். காசிராஜன், ராஜகோபாலன்னு ரெண்டு வாலிபனுக்குத் தூக்குத் தண்டனை விதிச்சாவ. பெறகு அது கொறைஞ்சு ரெண்டு பேரும் வெளிய வந்தாவ. நீ உப்பளத்துல நின்னு 'வெள்ளையா அழகா இருக்கு'ன்னு படம் போடும்போது, கீழ இதையும் ரெண்டு வரி எழுது. லைக்கு கொறையும், பரவால்ல.

அங்கேருந்து உடன்குடி. கருப்பட்டி வாங்காம போனேன்னா ஆச்சி உன்னைச் சேத்துக்க மாட்டா. புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. பனையேறி பானையில சுண்ணாம்பு தடவிக் கட்டி, விடியுமுன்ன பதனி இறக்குவான். அதைக் காய்ச்சிச் செரட்டையில ஊத்துனா கருப்பட்டி. பளபளன்னு, கல்லு கணக்கா, ஒரே அச்சுல வார்த்தாப்புல இருந்தா கடைக்காரனைப் பாத்துச் சிரிச்சுட்டு வெளிய வந்துரு. அது பனையில இருந்து வரலை, சீனி மூட்டையில இருந்து வந்துச்சு. ஒண்ணை ஒடைச்சுப் பாரு. உள்ள மினுமினுப்பு இல்லாம, கறுப்பும் பழுப்புமா இருக்கணும். மழைக்காலத்துல கொஞ்சம் கசியணும். நாக்குல வச்சா இனிப்புக்குப் பின்னால லேசா ஒரு கரிப்பு வரணும். விலை கூடச் சொன்னா மொகத்தைச் சுளிக்காதே. நீ ஒரு தரம் பனை ஏறி இறங்கு, பெறகு பேரம் பேசு.

தேரிக்காட்டுக்குப் போனா வாயை மூடிக்கிட்டு நட. நீ சினிமா வசனம் பேசிருவன்னு சொல்லலை, காத்தடிச்சா செம்மண் வாய்க்குள்ள போவும். செக்கச்செவேர்னு மணல் மேடு, இடையில பனை, உடை, கொல்லாமரம். மேலக்காத்து வீசுற மாசத்துல நேத்துப் பாத்த மேடு இன்னைக்கு அங்க இருக்காது. வழி சொல்ல அங்க ஒரே பலகைதான், ஆடு மேய்க்கிறவன். தேரிக்குடியிருப்புல கற்குவேல் அய்யனார் இருக்காரு. கார்த்திகை முடியும்போது கள்ளர் வெட்டுத் திருவிழா. கள்ளனுக்குப் பதிலா இளநீரை வெட்டுவாவ. வெட்டுன எடத்து மண்ணை எடுத்துட்டுப் போய் வீட்டுல வைக்கச் சனம் முண்டியடிக்கும். வீட்டுக்குக் களவு வராதாம். உன் கம்பெனியில லேப்டாப் காணாமப் போவுதுன்னு சொன்னியே, ஒரு பிடி மண்ணு கொண்டுபோய் மேனேஜர் மேசையில தூவிப் பாரு.

மெஞ்ஞானபுரத்துல ஒரு கோபுரம் இருக்கு, 192 அடி. ஜான் தாமஸ்னு வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் இந்தச் செம்மண் காட்டுல நின்னு கட்டுனது. முதலூர்ல மஸ்கோத் அல்வா வாங்கிக்கோ. தேங்காப் பால்ல கிண்டுறது, நெய்யைத் தேடாதே. திருநெல்வேலி அல்வாவோட ஒப்பிட்டுப் பேசாதே, கடைக்காரன் பொட்டலத்தைத் திருப்பி வாங்கிருவான். தெக்கே போனா உவரியில கப்பல் மாதா கோயில். கப்பல் வடிவத்துலயே கட்டியிருக்காவ. அதே ஊர்ல சுயம்புலிங்க சாமியும் இருக்காரு, அந்தோணியாரும் இருக்காரு. எந்தக் கஷ்டம்னாலும் ஒரே பஸ் டிக்கெட்டுல மூணு இடத்துலயும் மனு குடுத்துரலாம்.

இடையன்குடிக்கு மட்டும் உன் கூட்டாளிமாரையும் சேத்துக் கூட்டிட்டுப் போ. அங்க கால்டுவெல் இருந்தாரு. 1841-ல சென்னையில இருந்து நடந்தே வந்தாரு, நீலகிரியைச் சுத்திக்கிட்டு. வழி நெடுகச் சனங்களோட பேசிப் பழகிக்கிட்டே வந்திருக்காரு. வந்தவரு அரை நூற்றாண்டு இந்தத் தேரி மண்ணுல வாழ்ந்தாரு. 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதி, நாம பேசுற பாசைக்கு ஒலகத்துல ஒரு எடம் பிடிச்சுக் குடுத்தாரு. அங்க அவரு கட்டத் தொடங்குன கோயில் 1880-லதான் முடிஞ்சுச்சு, முப்பது வருசத்துக்கும் மேல ஆச்சு. நீ ஆன்லைன்ல வாங்குன சாமான் ஒரு நாள் லேட்டானா கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் கத்துற ஆளு. கோயிலுக்கு முன்னால நின்னு கொஞ்ச நேரம் அதை யோசி. 1891-ல கொடைக்கானல்ல செத்தாரு, இங்க கொண்டுவந்துதான் பொதைச்சாவ.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாரேன். சவேரியார், அண்டிரிக், கால்டுவெல், ஜான் தாமஸ், எல்லாரும் அசலூரு. நம்ம பாசையும் தெரியாது, நம்ம வெயிலும் பழக்கமில்லை. ஆனா வந்த எடத்துல இருந்தாவ. சவேரியார் கொஞ்ச காலம்தான் இருந்தாரு, இருந்த வரைக்கும் நம்ம சோத்தைத் தின்னு நம்ம பாசையைப் பேசிப் பாத்தாரு. அதனால இன்னைக்கும் எங்க ஊர்ல பாதிப் பேருக்குச் சேவியர்னு பேரு. நீ எங்க ரத்தம். ஆனா நீ போட்டிருக்க திட்டத்துல எங்க வீட்டுச் சோத்துக்கு எடம் இல்லை. இதுல யாரு அசலூருக்காரன்னு நீயே சொல்லு.

அதனால ரெண்டு ராத்திரியாவது இருக்குற மாதிரி வா. கூட்டாளிமாரையும் கூட்டிட்டு வா, பாய்க்குப் பஞ்சமில்லை, கொசுவுக்கும் பஞ்சமில்லை. பகல் பூரா ஊரைச் சுத்து, சாயங்காலம் எவன் திண்ணையிலயாவது உக்காந்து வாயை மூடிக்கிட்டுக் கேளு. கோயிலுக்குப் போகும்போது அரைக்கால் சட்டை போடாதே. கடக்கரையில பாட்டிலைப் போட்டுட்டுப் போகாதே, அதைப் பொறுக்க எங்க வீட்டுப் பொம்பளைகதான் குனியணும். ஊர்க்காரன் கடையில சாப்பிடு, ஊர்க்காரிகிட்டப் பெட்டி வாங்கு, படம் எடுக்குமுன்ன கேளு. செப்டம்பர் திருவிழாவுக்குத்தான் வாரதுன்னா இப்பவே சொல்லிரு. பிந்திச் சொன்னா மாடி அறையைத் துபாய்க்கார உன் சித்தப்பன் பிடிச்சிருவான், பெறகு நீ வராண்டாவுலதான் படுக்கணும்.